கூலி கொடுக்கும்போது மட்டும் பொம்பளையா?

(நமது கூட்டமைப்பின் 10ஆம் ஆண்டு விழாவில், 2024 டிசம்பர் மாதம் பேசியது)



என்னை "பெண்களைப் பாதுகாக்கும் சட்டங்கள்" பற்றிப் பேசச் சொல்லியிருக்காங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். வக்கீலும் இல்லை. போன வருஷம் சட்டப் பணிகள் ஆணைக்குழு சார்பில் ஒன்றிய அலுவலகத்தில் ரெண்டு நாள் முகாம் நடந்துச்சு இல்லையா, அதில் வக்கீல் அம்மா சொன்னதை எல்லாம் நோட்டில் எழுதி வெச்சிருந்தேன். பிறகும் ரெண்டு மூணு தடவை போன் பண்ணிக் கேட்டு எழுதிக்கிட்டேன். அந்த நோட்டும் எங்க குழுவில் நடந்த ஒரு சம்பவமும்தான் இன்னிக்கு என் பேச்சு. சம்பவத்தைச் சொல்றதுக்குக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. ஏன்னா அதில் தப்பு பண்ணினதில் நானும் ஒருத்தி.

முதலில் சட்டம். அரசியலமைப்புச் சட்டத்தில் 15வது பிரிவு இருக்கு. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் இதை வெச்சு யாரையும் அரசாங்கம் வேறுபடுத்தக் கூடாதுன்னு சொல்லுது. இதில் வர்ற "பால்" என்ற சொல்தான் நமக்கு முக்கியம். அதே பிரிவில் மூணாவது உட்பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனியாகச் சலுகை கொடுக்கலாம், அது வேறுபாடு ஆகாதுன்னு சொல்லுது. நம்ம அரசு வேலையில் பெண்களுக்கு 1989ல் 30 சதவீதம் வந்தது இந்த வழியில்தான்.

அந்த ஒரு சொல் எழுதி வெச்சிட்டதாலே எல்லாம் கிடைச்சிடலை. விமானத்தில் பணிப்பெண்களாக இருந்தவங்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு விதி இருந்துச்சாம். முதல் தடவை கர்ப்பமானாலே வேலை போயிடும். சேர்ந்து நாலு வருஷத்துக்குள்ள கல்யாணம் பண்ணினாலும் போயிடும். ஆண் ஊழியர்களுக்கு இதெல்லாம் கிடையாது. வழக்கு உச்சநீதிமன்றம் போச்சு. 1981ல் தீர்ப்பு. கர்ப்பத்தைக் காட்டி வேலையை விட்டு அனுப்புறது கொடுமைன்னு அந்த விதியை ரத்து பண்ணிட்டாங்க. ஆனா கல்யாண விதியை விட்டு வெச்சாங்க. ஆண் ஊழியர் வேற பிரிவு, பெண் ஊழியர் வேற பிரிவு, அதனாலே விதியும் வேற இருக்கலாம்னு சொன்னாங்க.

இதைக் கேட்டதும் முகாமில் எங்க வரிசையில் இருந்த எல்லாரும் சிரிச்சிட்டோம். நம்ம ஊர் மிராசுதாரும் அதைத்தானே சொல்றார்! "ஆம்பளை வேலை வேறே, பொம்பளை வேலை வேறே, கூலியும் வேறேதான்" என்கிறார். 1976லேயே சம ஊதியச் சட்டம் வந்தாச்சு. மும்பையில் ஒரு கம்பெனியில் பெண் சுருக்கெழுத்தாளர்களுக்குச் சம்பளம் குறைச்சுக் கொடுத்த வழக்கில் 1987ல் உச்சநீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு, சின்னச் சின்ன வித்தியாசத்தைக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியாதுன்னு. ஆனா அந்தத் தீர்ப்பு நம்ம வயக்காட்டுக்கு வரப்பு தாண்டி வரலை. நான் போன தை மாசம் களத்தில் மூட்டை கட்டப் போனப்போ ஆம்பளைக்கு 700, எங்களுக்கு 350.

இப்போ அந்தச் சம்பவத்துக்கு வர்றேன்.

எங்க தெருவில் ஒரு பிள்ளை. பள்ளிக்கூடத்தில் எனக்கு ரெண்டு வகுப்புக் கீழே படிச்சது. பையனாப் பிறந்து வளர்ந்தது. பதினேழு வயசில் வீட்டில் அடி தாங்க முடியாம ஊரை விட்டுப் போயிட்டுது. பல வருஷம் கழிச்சு அப்பா பக்கவாதத்தில் விழுந்த பிறகு, அம்மா மட்டும் தனியாத் திண்டாடுதுன்னு கேள்விப்பட்டுத் திரும்பி வந்துச்சு. வரும்போது சேலை, பூ, பொட்டு. திருநங்கை. பேர் சொல்ல வேண்டாம்னு அவளே கேட்டுக்கிட்டா, அதனாலே சொல்லலை.

போறதுக்கு முன்னாடி அவள் எங்க ஊர்க் களத்தில் மூட்டை தூக்கியிருக்கா. ஆம்பளைக் கூலி வாங்கினா. திரும்பி வந்த பிறகும் அதே களத்துக்குப் போனா. அதே முதுகு, அதே மூட்டை. சாயங்காலம் கணக்குப் பார்த்தப்போ அவள் கையில் வெச்சது பொம்பளைக் கூலி. "சேலை கட்டியிருக்க இல்ல" அப்படின்னாராம்.

நான் இதை ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். நமக்குக் கூலி குறையும்போது "உனக்குப் பலம் பத்தாது, மாசா மாசம் லீவு போடுவே, பிள்ளை பெறுவே"ன்னு உடம்பைக் காரணம் சொல்றாங்க. இவள் உடம்பில் அந்தக் காரணம் ஒண்ணும் இல்லையே. துணிதான் மாறிச்சு. துணி மாறினதும் கூலி பாதியாச்சு. அப்படின்னா நமக்கும் குறைஞ்சது உடம்புக்காக இல்லை, பொம்பளைன்னு பார்க்கிற பார்வைக்காகத்தான். இதை நான் எத்தனை வருஷம் கூலிக்குப் போயும் புரிஞ்சுக்கலை. அவள் கதையைக் கேட்டுத்தான் புரிஞ்சுது.

ஒரு நாள் அவள் எங்க குழுக் கூட்டத்துக்கு வந்தா. சேமிப்பு கட்டுறேன், என்னையும் சேர்த்துக்கோங்க, அம்மாவுக்கு ஒரு கறவை மாடு வாங்கணும், வங்கியில் தனியாக் கேட்டா கடன் தரமாட்டேங்கிறாங்கன்னு கேட்டா. ஒருத்தரும் வாய் திறக்கலை. கடைசியில் ஒரு பெரியம்மா, "இது பொம்பளைங்க சங்கம்மா"ன்னு சொன்னாங்க. தீர்மான நோட்டு என் மடியில் இருந்துச்சு. நான்தான் அதை மூடினேன். ஒரு வார்த்தை சொல்லலை, மூடினேன், அவ்வளவுதான். அவள் எழுந்திருக்கும்போது என்னைப் பார்த்துக் கேட்டா: "ஏன்க்கா, கூலி கொடுக்கும்போது மட்டும் நான் பொம்பளையா?"

அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை. முகாமில் வக்கீல் அம்மாகிட்ட நான் முதலில் கேட்டது இதைத்தான்.

அவங்க சொன்னதை என் பாஷையில் சொல்றேன். பால் என்பது உடம்பு. பாலினம் என்பது, இன்னார் ஆம்பளை, இன்னார் பொம்பளைன்னு ஊரும் நாமும் வெச்சிருக்கிற நிலை, ஒருத்தர் தன்னை யாரா உணர்றாங்க என்பதும் அதில் சேரும். அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது "பால்". 2014 ஏப்ரல் 15ஆம் தேதி உச்சநீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்பு சொல்லுச்சு. தேசிய சட்டப் பணிகள் ஆணையம் போட்ட வழக்கு அது. 15, 16வது பிரிவில் பால் என்றால் உடம்பை மட்டும் குறிக்காது, பாலின அடையாளமும் அதில் அடங்கும், திருநங்கை, திருநம்பி எல்லாரும் தன் அடையாளத்தைத் தானே முடிவு பண்ணிக்கலாம், படிப்பிலும் வேலையிலும் அவங்களுக்கு இட ஒதுக்கீடு கொடுக்கணும்னு நீதிபதிகள் ராதாகிருஷ்ணனும் சிக்ரியும் தீர்ப்பு எழுதினாங்க. நம்ம தமிழ்நாட்டில் அதுக்கு முன்னாடியே, 2008ல், திருநங்கைகளுக்குன்னு நல வாரியம் வந்துடுச்சு. 2021ல் நமக்கு டவுன் பஸ்ஸில் இலவசம் வந்தப்போ அவங்களையும் சேர்த்தாங்க. பஸ்ஸில் யாரும் சண்டைக்குப் போகலையே, கவனிச்சீங்களா? பஸ்ஸில் நம்ம சீட்டு ஒண்ணும் குறையலை, அதனாலேதான்.

பங்கு குறையுமோன்னு பயம் வர்ற இடத்தில்தான் சிக்கல். வேலை ஒதுக்கீட்டை எடுத்துக்குவோம். 2017 கடைசியில் ஒரு அரசாணை வந்துச்சு. தன்னைப் பெண்ணுன்னு சொல்லிக்கிற திருநங்கை, பெண்களுக்கான 30 சதவீதத்திலும் போட்டி போடலாம். மத்தவங்க பொதுவில் போட்டி போடணும். கேட்கும்போது நியாயமாத்தான் தெரியும். ஆனா யோசிச்சுப் பாருங்க. நம்ம பொண்ணுக்கு இருந்த இடம் 30தான், அது கூடலை, போட்டிக்கு ஆள் கூடியிருக்கு. நம்ம பொண்ணு முகம் சுளிக்கும். அந்தப் பக்கம், வீட்டை விட்டு விரட்டப்பட்டு, படிப்பை விட்டு, திரும்பத் தட்டுத் தடுமாறிப் படிச்ச திருநங்கை, வீட்டில் இருந்து படிச்ச பொண்ணோட மோதணும். அவளுக்கும் ஒண்ணும் கிடைக்காது. திருநம்பிக்கோ பேருக்குக்கூட ஒதுக்கீடு இல்லை. இல்லாதவங்க ரெண்டு பேரை ஒரே இலையில் உட்கார வெச்ச கதைதான். காவலர் தேர்வு வழக்கில் 2022ல் சென்னை உயர்நீதிமன்றம் இது தனி ஒதுக்கீடு ஆகாதுன்னு சொல்லிடுச்சு.

இன்னொண்ணு. 2015ல் இருந்து திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வெச்சிருக்காங்க. பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கைக்கு இதில் கூடுதலா ஒண்ணும் வராது. 2024 ஜூன் மாசம் உயர்நீதிமன்றம் சொன்னது, பாலின அடையாளத்தை ஒரு சாதி மாதிரி நடத்தக் கூடாது, எல்லாப் பிரிவிலும் குறுக்கே ஓடுகிற மாதிரி ஒதுக்கீடு கொடுங்கன்னு. குறுக்கேன்னா என்னன்னு நானும் முழிச்சேன். நம்ம பஞ்சாயத்தில் பட்டியல் சாதிப் பெண்கள் வார்டு, பொதுப் பெண்கள் வார்டுன்னு இருக்கு இல்ல? சாதி மேலேருந்து கீழே பிரிக்குது, பெண் என்பது எல்லாத்துக்கும் குறுக்கே போகுது. அது மாதிரி இவங்களுக்கும் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு சின்னப் பங்கு. கர்நாடகாவில் 2021லேயே அரசு வேலையில் 1 சதவீதம் இப்படிக் கொடுத்துட்டாங்க. நம்ம 30ல் கை வைக்க வேண்டியதில்லை. எனக்கு இதுதான் சரின்னு படுது.

இதே கண்ணோட அவங்க சட்டத்தையும் பாருங்க. 2019ல் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 2020 ஜனவரி முதல் அமலில் இருக்கு. படிப்பு, வேலை, ஆஸ்பத்திரி, வாடகை வீடு எதிலும் வேறுபாடு காட்டக் கூடாதுன்னு சொல்லுது. கலெக்டர்கிட்ட விண்ணப்பிச்சு அடையாளச் சான்று வாங்கலாம். நல்லதுதான். ஆனா திருநங்கையை ஒருத்தன் பாலியல் கொடுமை பண்ணினா, அந்தச் சட்டத்தில் தண்டனை 6 மாசத்திலிருந்து அதிகபட்சம் 2 வருஷம். ஒரு பொண்ணுக்கு அந்தக் கொடுமை நடந்தா குறைஞ்சதே 10 வருஷம். வலி ஒண்ணுதானே? வேலை இடத்துப் பாலியல் தொல்லைக்கான 2013 சட்டமும் "பாதிக்கப்பட்ட பெண்" என்றுதான் எழுதியிருக்கு. நமக்குப் போராடி வாங்கின அந்தச் சட்டத்தில், வயல் வேலைக்குப் போற பொண்ணும் வீட்டு வேலைக்குப் போற பொண்ணும்கூட மாவட்டத்தில் இருக்கிற உள்ளூர்க் குழுவிடம் 3 மாசத்துக்குள்ள புகார் கொடுக்கலாம். இதை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கோம்? தயவு செய்து ஞாபகம் வெச்சுக்கோங்க. கூலியில் மட்டும் சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கு. 1976 சட்டம் ஆண், பெண் என்று மட்டும் பேசுச்சு. 2019ல் பாராளுமன்றத்தில் நிறைவேறின ஊதியச் சட்டத் தொகுப்பு "பாலினம்" என்று எழுதியிருக்கு. 2024 டிசம்பர் வரைக்கும் அது நடைமுறைக்கு வரலை. வந்தா அந்தக் களத்துக்காரர்கிட்ட நானும் அவளும் சேர்ந்தே போய்க் கேட்போம்.

அதுக்காக இனிமே எல்லாத்திலும் பெண் என்ற சொல்லை எடுத்துட்டுப் பாலினம்னு போட்டா போதும்னு நான் நினைக்கலை. ஒரு கூட்டத்தில் படிச்ச ஒருத்தர் எங்களுக்கு யோசனை சொன்னார், "மகளிர்" என்ற பேரையே எடுத்துட்டு எல்லாருக்குமான சங்கமா மாத்திடுங்கன்னு. எனக்குக் கோபம் வந்துச்சு. பெண் தலைவர் நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட கதையை நாம எத்தனை ஊரில் பார்த்திருக்கோம்? பேரிலிருந்து பெண்ணை எடுத்தா, நாளைக்குப் பாஸ்புக்கும் அவங்க சட்டைப் பைக்குப் போயிடும். அப்புறம் உடம்பு சம்பந்தப்பட்ட பாதுகாப்பு உடம்பைப் பார்த்துத்தான் இருக்கணும். பேறுகால விடுப்பு, மாதவிடாய்க்கான வசதி, கர்ப்பப்பை சிகிச்சை, இதெல்லாம் எந்த உடம்புக்குத் தேவையோ அந்த உடம்புக்கு. திருநம்பியா வாழ்ற ஒருத்தருக்கு இது தேவைப்பட்டா அவருக்கும் கிடைக்கணும். "நீ ஆம்பளைதானே"ன்னு ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பக் கூடாது.

முகாம் முடிஞ்சு வந்து எங்க குழுவில் திரும்பப் பேச்சை எடுத்தேன். மூணு கூட்டம் பேசினோம். ஒளிக்காம சொல்றேன், பயம் எல்லாம் வெளியே வந்துச்சு. ஒரு அக்கா சொன்னாங்க, "நாளைக்கு எவனாவது கடனுக்காகச் சேலை கட்டிக்கிட்டு வருவான்." அதுக்கு நான் பதில் சொல்லலை, அந்தப் பெரியம்மாவே சொன்னாங்க: "நம்ம ஊரில் சேலை கட்டிக்கிட்டு டீக்கடை வரைக்கும் ஒரு நாள் நடந்து பார்க்கச் சொல்லு, கடன் வேணுமான்னு தெரியும்." எல்லாரும் சிரிச்சோம்.

ஆனா சிரிக்க முடியாத பயமும் இருந்துச்சு. எங்க குழுவில் ஒரு தங்கச்சி, சின்ன வயசில் ரொம்பக் கொடுமை அனுபவிச்சவ. அவள் சொன்னா, "எனக்கு அவங்க மேல கோபம் இல்லைக்கா. ஆனா பயிற்சிக்குப் போற இடத்தில் ஒரே கழிப்பறைன்னா எனக்கு உடம்பு நடுங்கும். நான் என்ன பண்றது?" அவளைக் கெட்டவன்னு சொல்ல முடியுமா? முடியாது. அன்னிக்கு அவளுக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம உட்கார்ந்திருந்தேன். கூட்டம் கூட்டும்போது வெள்ளைப்படுதல், கர்ப்பப்பை எடுத்தது எல்லாம் மனசு விட்டுப் பேசுவோம், அது போயிடுமோன்னு இன்னும் ரெண்டு பேர் வருத்தப்பட்டாங்க. அதுவும் உண்மைதான். வேற எந்த இடத்தில் நாம அதைப் பேசுறோம்?

கழிப்பறை விஷயத்துக்கு இன்னும் முழு விடை எனக்குத் தெரியலை. பயிற்சி நடக்கிற இடத்துக்குப் போய்ப் பார்த்தோம். ரெண்டு அறை, ரெண்டுக்கும் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தர் வெளியே நின்னு கதவைப் பிடிச்சுக்கணும். இத்தனை வருஷமா நாம அப்படித்தான் போயிட்டு வந்திருக்கோம், ஒரு மனு கொடுத்ததில்லை. இப்போ தாழ்ப்பாளுக்கும் விளக்குக்கும் மூணாவதா ஒரு தனி அறைக்கும் மனு கொடுத்திருக்கோம்.

திட்ட விதியையும் கேட்டேன். திருநங்கைகளுக்குத் தனிக் குழு அமைக்க வழி இருக்கு, வழக்கமா 12 பேர் வேணும் என்ற இடத்தில் சிறப்புக் குழுவுக்கு 5 பேர் போதும்னாங்க. எங்க பக்கத்தில் அவளைச் சேர்த்து ரெண்டே பேர். மீதி மூணு பேரை எங்கே போய்த் தேடுறது? டவுனில் குழு இருக்கு, வாரா வாரம் போக வர ஒரு நாள் கூலி போயிடும். அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க ஆள் வேணும். காகிதத்தில் வழி இருக்கு, கால் நடக்க வழி இல்லை.

அதனாலேதான் எங்க குழு சார்பில் ஒரு தீர்மானம் எழுதி இந்தக் கூட்டமைப்பு நிர்வாகக் குழுவுக்குக் கொடுத்திருக்கோம். தனிக் குழு அமைக்க ஆள் இல்லாத ஊரில், திருநங்கை கேட்டா ஊர்க் குழுவிலேயே சேமிப்பு, உள்கடன், ஓட்டு எல்லாம் உள்ள உறுப்பினரா சேர்த்துக்க அனுமதி கேட்டு மகளிர் திட்ட அலுவலகத்துக்கு எழுதணும். உடல்நலக் கூட்டம் மட்டும் தேவையைப் பொறுத்துத் தனியா வெச்சுக்கலாம். "மகளிர்" என்ற பேரும் பொறுப்பில் பெண்கள் இருக்கணும் என்ற விதியும் அப்படியே இருக்கும். எழுதினதை அவகிட்ட படிச்சுக் காட்டினேன். உடல்நலக் கூட்டம் பத்தின வரி வந்தப்போ முகம் கொஞ்சம் வாடுச்சு. "சரிக்கா, மாட்டுக்கு அந்த மீட்டிங் வேண்டாம்"ன்னு சொல்லிச் சிரிச்சா. அந்தத் தங்கச்சியும் படிச்சா. கையெழுத்துப் போட ரெண்டு நாள் எடுத்துக்கிட்டா, அப்புறம் போட்டுக் கொடுத்தா. எங்க குழுவில் 14 பேர். 11 கையெழுத்து இருக்கு, 3 பேர் போடலை. போடாதவங்க பேரை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், அவங்களும் எங்க குழுதான்.

வர்ற மாசம் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அந்தத் தீர்மானம் வருது. ஒவ்வொரு குழுவிலிருந்தும் பிரதிநிதிகள் கட்டாயம் வரணும், உங்க குழுவில் பேசிட்டு வரணும். எதிர்த்துப் பேசணும்னாலும் வந்து பேசுங்க. இந்தத் தடவை நோட்டை நான் மூட மாட்டேன்.